கணக்குக் கேட்ட ஆயர்

(வில்கமுவவில் தமிழ், சிங்கள அன்பர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரை)



பணி ஓய்வு பெற்ற ஒரு சமயத் தலைவரைப் பற்றிப் பேசும்படி என்னிடம் கேட்டார்கள். தன் சபைக்கும் ஊருக்கும் அவர் செய்த சேவையைச் சொல்லிக் கௌரவிக்க வேண்டும் என்றார்கள். இப்படியான விழாக்களில் பொன்னாடை போர்த்துவோம். கட்டிய கோயில்களையும் திறந்த பள்ளிகளையும் வாசிப்போம். அது நல்ல வழக்கம்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் நான் மனதில் வரித்துக்கொண்ட மனிதரை அந்த வழியில் கௌரவிக்க முடியாது. அவர் மன்னார் மறைமாவட்டத்தின் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை. அவர் அரசிடம் ஒரு கணக்குக் கேட்டார். ஓய்வு பெற்றபோதும் அதற்குப் பதில் வரவில்லை. 2021இல் அவர் கண்மூடியபோதும் வரவில்லை. அந்தக் கணக்கைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

கத்தோலிக்க ஆயர்கள் எழுபத்தைந்து வயதானதும் பதவி விலகல் கடிதத்தைத் திருத்தந்தையிடம் கொடுக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். இராயப்பு ஆண்டகைக்கு 2015 ஏப்ரலில் எழுபத்தைந்து நிறைந்தது. நோயும் அவரைத் தளர்த்தியிருந்தது. 2016 ஜனவரி 14ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் அவருடைய விலகலை ஏற்றுக்கொண்டார். சரியாக ஓராண்டுக்கு முன், 2015 ஜனவரி 14ஆம் திகதி, அதே திருத்தந்தை மன்னார் மறைமாவட்டத்து மடுத் திருப்பதிக்கு வந்து, போரில் பிள்ளைகளை இழந்த தமிழ், சிங்களக் குடும்பங்கள் கூடியிருந்த திடலில் நின்று செபித்தார். அன்று காலை கொழும்பு காலிமுகத் திடலில் யோசேப் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்துவிட்டுத்தான் ஹெலிகொப்டரில் மடுவுக்கு வந்தார்.

யோசேப் வாஸ் என்ற பெயர் நமது மாத்தளைப் பக்கத்துக்குப் புதியதல்ல. ஒல்லாந்தர் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்துக் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தபோது, கரையோரக் கத்தோலிக்கருக்கு ஒதுங்க இடம் கொடுத்தது கண்டி இராச்சியம். பௌத்த அரசர்கள் ஆண்ட இராச்சியம் அது. கலேவெலப் பக்கத்து வஹகோட்டைக் கிராமம் இன்றும் அதற்குச் சாட்சி. மாந்தையிலிருந்து மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியே மருதமடுவுக்குப் போன குடும்பங்களும் அதே காலத்து அகதிகள்தாம். கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த வாஸ் அடிகளார் 1692இல் கண்டிக்குள் நுழைந்து ஒற்றர் என்று சிறைபட்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, நோயாளிகளை வீட்டார் காட்டில் விட்டுவிட்டு ஓடியபோது, சமயம் பாராமல் அவர்களைத் தேடிப் போய்த் தண்ணீர் கொடுத்துக் கழுவித் துடைத்தவர் அவர். இரண்டாம் விமலதர்மசூரியன் அவரை மதித்தான். மடுவும் மாத்தளையும் ஒரே கதைக்குள் இருக்கின்றன என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். மன்னார் ஆயரின் கதையை வில்கமுவவில் சொல்வது அயலூர்க் கதையைச் சொல்வது ஆகாது. அதற்கு இன்னும் வலுவான காரணம் ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இராயப்பு யோசேப்பு 1940 ஏப்ரல் 16ஆம் திகதி நெடுந்தீவில் பிறந்தவர். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. படகு ஓடாவிட்டால் நோயாளிக்கு வைத்தியர் இல்லை. அத்தகைய தீவு அது. 1967 டிசம்பரில் குருவானார். பின்னர் உரோமைக்குப் போய்த் திருச்சபைச் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்று வந்தார். 1992இல் மன்னாரின் இரண்டாவது ஆயரானார்.

அவர் படித்தது இறையியல் தத்துவங்கள் மட்டுமல்ல, சட்டமும்கூட என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். சட்டம் படித்தவருக்கு ஆவணத்தின் மேல் மதிப்பு இருக்கும். 1983இல் வெளிவந்த புதிய திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535ஆம் பிரிவு, ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, இறப்புப் பதிவேடு இருந்தாக வேண்டும் என்கிறது. அவற்றைச் சரியாக எழுதிப் பத்திரமாகக் காப்பது பங்குத்தந்தையின் கடமை. ஆயர் பங்குகளைப் பார்வையிடப் போகும்போது அந்தப் புத்தகங்களையும் திறந்து பார்ப்பார். யார் பிறந்தார், யார் மணம் முடித்தார், யாரை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று பெயர் பெயராக எழுதி வைக்கும் ஒரு மரபிலிருந்து வந்தவர் அவர். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு, காணாமல் போன ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனின் கதையை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். ஒன்று குறைகிறது என்று அந்த மேய்ப்பனுக்கு எப்படித் தெரிந்தது? மாலையில் எண்ணிப் பார்த்ததால்தான் தெரிந்தது. தேடல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவர் பொறுப்பேற்ற மறைமாவட்டம் 1981இல்தான் யாழ்ப்பாண மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மன்னார், வவுனியா ஆகிய இரண்டு மாவட்டங்களும் அதற்குள் வரும். 1992இல் அந்த நிலப்பரப்பு நடுவே கிழிந்து கிடந்தது. மன்னார்த் தீவு இராணுவத்தின் கையில். பெருநிலப்பரப்பின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கையில். ஒரே ஆயருடைய மக்கள் இரண்டு ஆட்சிகளுக்குக் கீழே வாழ்ந்தார்கள். ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்குப் போக ஆயருக்கே இரண்டு தரப்பின் சோதனைச் சாவடிகளையும் கடக்க வேண்டியிருந்தது. மடுக் கோயில் வளவு முழுவதும் அகதிக் குடிசைகள். 1999 நவம்பர் 20ஆம் திகதி இரவு அந்த வளவுக்குள் ஷெல் விழுந்து முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கோயிலுக்குள் இருந்தால் உயிர் தப்பலாம் என்று வந்தவர்கள் அவர்கள். 2006 ஜூனில் பேசாலை வெற்றி மாதா ஆலயத்துக்குள் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் கைக்குண்டு வீசப்பட்டு ஒரு பெண் உயிரிழந்தார். 2007 செப்டெம்பர் 26ஆம் திகதி, நிவாரணப் பொருட்களோடு வன்னிக்குள் போன பாக்கியரஞ்சித் அடிகளார் கிளைமோர் வெடித்து இறந்தார். ஆயரின் சொந்தக் குருக்களில் ஒருவர் அவர்.

2008 ஏப்ரலில் சண்டை மடுவை நெருங்கியபோது குருக்கள் மாதா சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். சொரூபத்தைப் புலிகளிடம் கொடுத்துவிட்டார் ஆயர் என்று தெற்கில் எழுதியவர்கள் உண்டு. மடுவைச் சுற்றிய நிலத்தைப் போர் இல்லாப் பகுதியாக விட்டுவிடுங்கள் என்று இரண்டு தரப்பிடமும் அவர் கேட்டிருந்தார். அதைத் தெற்கின் பத்திரிகைகள் பெரிதாக எழுதவில்லை. அந்த ஓகஸ்ட்டில் மாதா மடுவுக்குத் திரும்பிவிட்டார். சொரூபத்தின் பின்னால் நகர்ந்த மக்களோ திரும்பவில்லை. அடம்பன், விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை மக்கள் வெள்ளாங்குளத்துக்குப் போனார்கள். அங்கிருந்து கிளிநொச்சிக்கு, பின்பு விசுவமடுவுக்கு, பின்பு புதுக்குடியிருப்புக்கு, கடைசியில் முள்ளிவாய்க்காலுக்கு. ஒவ்வோர் இடத்திலும் பங்கர் வெட்டி, ஒவ்வோர் இடத்திலும் யாரையாவது புதைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் புதைப்புகளை எந்த இறப்புப் பதிவேட்டில் எழுதுவது?

இப்போது கணக்குக்கு வருகிறேன்.

போர் முடிந்து ஓராண்டில் அரசாங்கம் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவை அமைத்தது. அந்த ஆணைக்குழு 2011 ஜனவரியில் மன்னாருக்கு வந்தது. ஜனவரி 8ஆம் திகதி இராயப்பு ஆண்டகை தன் குருக்கள் சிலரோடு அதன் முன்னால் போய் மறைமாவட்டத்தின் சார்பில் எழுத்தில் ஒரு சமர்ப்பணம் கொடுத்தார். மூன்று எண்கள் அதில் இருந்தன. 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் வாழ்ந்தோர் 429,059 பேர். கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கச்சேரிகள் வைத்திருந்த கணக்கு அது. 2009 ஜூலை 10ஆம் திகதிவரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 282,380 பேர். அது ஐக்கிய நாடுகளின் மனிதாபிமான அலுவல்கள் ஒருங்கிணைப்பு அலுவலகத்தின் கணக்கு. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 146,679 வருகிறது. இந்த 146,679 பேருக்கும் என்ன நடந்தது என்று விளக்குங்கள் என்று ஆயர் கேட்டார்.

அவர் கேட்ட முறையைக் கவனியுங்கள். இத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. அந்தத் தொகை முழுவதும் பிணங்கள் என்று பின்னாளில் மேடைகளில் பேசியவர்கள் அவர் சொல்லாததைச் சொன்னார்கள். அவர் அரசாங்க அலுவலகத்தின் எண்ணையும் ஐ.நா.வின் எண்ணையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தன் மறைமாவட்டத்தில் எடுத்த தொகை ஒன்றைக்கூட அதில் சேர்க்கவில்லை. கச்சேரிக் கணக்கு பிழையாக இருக்கலாம், பங்கீட்டு அட்டைக்காகச் சில குடும்பங்கள் இரண்டு இடத்தில் பதிந்திருக்கலாம், சிலர் முகாமுக்கு வராமலே தப்பிப் போயிருக்கலாம், இந்தியாவுக்குப் படகேறியிருக்கலாம். அப்படியென்றால் அதைக் காட்டுங்கள். பிழை எவ்வளவு, தப்பியவர் எவ்வளவு, இறந்தவர் எவ்வளவு என்று வரி வரியாகப் பிரித்துச் சொல்லுங்கள். அரசு ஒன்று தன் குடிமக்களுக்குச் செய்ய வேண்டிய ஆகக் குறைந்த வேலை இது. இதைக் கேட்க வீரம் வேண்டியிருந்தது என்பதுதான் இந்த நாட்டின் துயரம்.

ஓர் எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். போர் நடந்துகொண்டிருந்தபோதே எண்ணில்தான் உயிர் தங்கியிருந்தது. 2009 பெப்ரவரியில் கொழும்பு, வன்னிக்குள் எழுபதாயிரம் பேரளவில்தான் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்தந்த மாவட்டத்து அதிகாரிகள் சொன்ன தொகை அதைவிடப் பல மடங்கு பெரியது. கப்பலில் ஏற்றும் அரிசி, மா, மருந்து எல்லாமே எத்தனை பேர் என்ற கணக்கின்படிதான் போகும். குறைத்துச் சொன்ன ஒவ்வோர் ஆயிரமும் ஆயிரம் வயிறுகள். கடைசியில் இரண்டு இலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரோடு வெளியே வந்தபோது பழைய கணக்கு எவ்வளவு பொய் என்பது உலகத்துக்கே தெரிந்தது. வெளியே வந்தவர்களில் பெரும்பகுதியினரைச் செட்டிக்குளத்து மெனிக் பாம் முகாமில் கம்பி வேலிக்குள் வைத்தார்கள். செட்டிக்குளம் வவுனியா மாவட்டம். அதனால் மன்னார் ஆயரின் மறைமாவட்டம். ஆகவே அந்த 282,380 என்ற எண் அவருக்குக் காகிதத்தில் மட்டும் வந்த எண் இல்லை. வேலிக்கு அப்பால் நின்று, என் மகனைக் கண்டீர்களா சுவாமி, என் கணவர் பேரும் அந்த லிஸ்டில் இருக்கிறதா சுவாமி என்று கேட்டவர்களின் முகங்கள் அதில் இருந்தன.

ஆணைக்குழுவின் அறிக்கை 2011 டிசம்பரில் வெளிவந்தது. ஆயரின் கேள்விக்குப் பதில் அதில் இல்லை. அதே ஆண்டு ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு, நாற்பதாயிரம் பொதுமக்கள்வரை இறந்திருக்கலாம் என்றது. 2012 நவம்பரில் ஐ.நா. தன் சொந்தத் தவறுகளை ஆராய்ந்து வெளியிட்ட உள்ளக அறிக்கை, எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் பற்றித் தகவல் இல்லை என்றது. எண்கள் மாறுகின்றன, ஆனால் பெயர்ப் பட்டியலோடு எவரும் வரவில்லை. கணக்குக் கேட்டவரைத் தேடித்தான் ஆட்கள் வந்தார்கள். 2012 மே மாதம் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினர் ஆயரில்லத்துக்குப் போய் அவரை விசாரித்தார்கள். அவர் தன் எண்ணை மாற்றவில்லை.

இந்த இடத்தில் இன்னொரு சமயத் தலைவரை நினைக்கிறேன். அவர் யூதர், பெர்லினில் ரபியாக இருந்த லியோ பேக். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனிய யூதர்களின் தேசிய அமைப்புக்குத் தலைவரானார். வெளிநாட்டுக்குப் போய்விட வாய்ப்புகள் வந்தும் போகவில்லை. தன் சபையில் ஒருவராவது மிச்சம் இருக்கும்வரை நான் இங்கேதான் என்று இருந்தார். 1943 ஜனவரியில், எழுபதைத் தொடும் வயதில், தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டார். இரவில் கைதிகளுக்குத் தத்துவமும் வேதமும் சொல்லிக்கொடுத்தார். உயிர் தப்பி 1956இல் இலண்டனில் இறந்தார். எவரும் தலைவணங்கும் வாழ்க்கை அது. ஆனால் அந்த வாழ்க்கையில் கடினமான ஒரு முடிச்சு உண்டு. ஆஷ்விட்ஸுக்கு ரயிலில் ஏற்றப்படுபவர்கள் நச்சுவாயுவில் கொல்லப்படுகிறார்கள் என்று முகாமில் அவருக்குச் செய்தி வந்தது. அதை மற்றக் கைதிகளிடம் சொல்வதில்லை என்று முடிவெடுத்தார். வரப்போகும் சாவை நினைத்துக்கொண்டே வாழ்வது இன்னும் கொடிது என்பது அவருடைய காரணம். போருக்குப் பிறகு அவரே அதை எழுதினார். சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் போன்றோர் அதற்காக அவரைக் கடுமையாக விமர்சித்தார்கள்.

லியோ பேக்கை நியாயம் தீர்க்க எனக்குத் தகுதி இல்லை. அந்த முகாமில் நான் இருக்கவில்லை, அவர் இருந்தார். மந்தையைக் காக்க வேண்டியவர் எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்ற கேள்வி வந்து நிற்கும்போது அது எவ்வளவு பாரமானது என்பதைக் காட்டத்தான் அவரைக் கொண்டுவந்தேன். மன்னார் ஆயருக்கும் விழுங்கிவிடக் காரணங்கள் நிறைய இருந்தன. அவர் பேசினால் அவருடைய குருக்களுக்கு ஆபத்து. மீள்குடியேற்றத்துக்கு அனுமதி கிடைக்காது. கட்ட வேண்டிய கோயில்களுக்கும் பள்ளிகளுக்கும் தடை வரும். கொழும்பில் நல்ல பெயரோடு சத்தமில்லாமல் பல உதவிகளைப் பெற்றுத் தந்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் ஆணைக்குழுவின் முன்னால் அந்த எண்ணை வைத்தார். சபைக்குச் செய்யும் சேவை வேறு, நாட்டுக்குச் செய்யும் சேவை வேறு என்று பிரிக்க அவர் மறுத்தார் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். கணக்கில் குறைந்தவர்களில் எத்தனை பேர் கத்தோலிக்கர், எத்தனை பேர் இந்துக்கள் என்று அவர் கேட்கவில்லை. வன்னியில் பெரும்பான்மையினர் இந்துக்கள்தாம்.

அவரோடு எல்லோரும் உடன்பட்டார்கள் என்று சொன்னால் அது பொய். தெற்கில் அவரைப் புலிகளின் ஆள் என்றார்கள். அவருடைய திருச்சபைக்குள்ளேயே அவர் போகும் வேகத்தை விரும்பாதவர்கள் இருந்தார்கள். மன்னார் முஸ்லிம் தலைவர்கள் சிலர் மீள்குடியேற்றக் காணிப் பிணக்குகளில் அவரை வெளிப்படையாகவே விமர்சித்தார்கள். அந்த விமர்சனத்தை நாம் காதில் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். 1990 ஒக்டோபர் இறுதியில் புலிகள் வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களைக் குறுகிய அவகாசத்தில் விரட்டினார்கள். மன்னாரில் எருக்கலம்பிட்டியும் முசலியும் வெறுமையாயின. இராயப்பு ஆண்டகை அதன்பின் இரண்டு ஆண்டு கழித்துத்தான் ஆயரானார். ஆனாலும் அந்தக் கணக்கும் மன்னாரின் கணக்குத்தான். தமிழர் நாம் மற்றவரிடம் கணக்குக் கேட்கும்போது, நம் பெயரில் நடந்த அந்த வெளியேற்றத்தின் கணக்கையும் மேசையில் வைக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

அவர் ஓய்வு பெற்று மூன்று ஆண்டு கழித்து, 2019 உயிர்ப்பு ஞாயிறு அன்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் குண்டுகள் வெடித்தன. அதன்பின் கொழும்புக் கத்தோலிக்கர்களும் வீதிக்கு வந்து, உண்மையைச் சொல்லுங்கள், யார் செய்வித்தது என்று சொல்லுங்கள் என்று கேட்டார்கள். மன்னாரிலிருந்து பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த குரலுக்குக் கொழும்பில் துணை வந்தது. எவ்வளவு பெரிய விலை கொடுத்து வந்த துணை!

வலுவான காரணம் என்று முன்னே சொன்னேன் அல்லவா, அதற்கு வருகிறேன். சிங்கள நண்பர்களே, இது உங்களுடைய கதையும்கூட. 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. அடுத்த மாதங்களில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனித எச்சங்களை எடுத்தார்கள். 1987 முதல் 1990 வரையான ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் இந்த மாவட்டத்திலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட இளைஞர்கள் என்று பெற்றோர் ஓடி வந்தார்கள். எலும்புகளின் காலம் பற்றி ஒன்றுக்கொன்று முரணான முடிவுகள் வந்தன. தாய்மாருக்கு முடிவு எதுவும் வரவில்லை. ஓராண்டு கழித்து, 2013 டிசம்பரில், மன்னார் திருக்கேதீச்சரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது அங்கும் எலும்புகள். எண்பதுக்கு மேற்பட்டோர். இராயப்பு ஆண்டகை அங்கேயும் சர்வதேச விசாரணை கேட்டார். மாத்தளைத் தாய்க்கும் மன்னார்த் தாய்க்கும் மொழி வேறு, சாமி வேறு; ஆனால் இருவர் கையிலும் ஒரே மாதிரியான, ஓரம் மடிந்த புகைப்படம்.

1994இல் அமைத்த மூன்று வலய ஆணைக்குழுக்கள் தெற்கிலும் மற்றப் பகுதிகளிலும் காணாமல் போனோர் பற்றி 27,526 முறைப்பாடுகளைப் பெற்று, 16,742 பேர் வலுக்கட்டாயமாகக் கொண்டுபோகப்பட்டதை உறுதிசெய்தன. மாத்தளையும் அதில் ஒரு மாவட்டம். அந்த அறிக்கைகள் அச்சாகி வந்து இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாகிறது. அந்தப் பெயர்களுக்கு உரியவர்களில் எத்தனை பேர் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்ற தகவல் வீட்டாருக்குக் கிடைத்தது? தெற்கின் கணக்கை முடிக்காத நாடு வடக்கின் கணக்கைத் தானாக முடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இரத்தோட்டையிலிருந்தும் உக்குவளையிலிருந்தும் வந்திருக்கும் என் உறவுகளுக்கு இன்னொன்று. 1977இலும் 1983இலும் இனக்கலவரங்களில் மலையகத் தோட்டங்களின் லயன்கள் எரிந்தபோது நம்மவர்கள் எங்கே போனார்கள்? வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள்; காடு வெட்டிக் குடிசை போட்டார்கள்; அடுத்த தலைமுறை வன்னித் தமிழராகவே வளர்ந்தது. இங்கே மாமாவும் அத்தையும் இருக்க, அங்கே பிள்ளைகள் முள்ளிவாய்க்கால்வரை நடந்தார்கள். அந்த 429,059க்குள் மாத்தளை மாவட்டத்துத் தோட்டப் பெயர்களைச் சொந்த ஊராகச் சொல்லக்கூடிய குடும்பங்கள் இருந்தன. ஆகவே ஆயர் கேட்ட கணக்கில் நம் வீட்டுப் பெயர்களும் இருக்கின்றன. மன்னாருக்குத்தானே அந்தக் கவலை என்று நாம் இருந்துவிட முடியாது.

ஓய்வுக்குப் பிறகு அவர் நோயாளியாகவே வாழ்ந்தார். பழைய குரல் இல்லை. 2021 ஏப்ரல் 1ஆம் திகதி, பெரிய வியாழனன்று, காலமானார். அடுத்த நாள் பெரிய வெள்ளி. கத்தோலிக்கக் கோயில்களில் மணி அடிக்காத நாள். ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள், மன்னார் புனித செபஸ்தியார் பேராலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள். கொரோனாக் கட்டுப்பாடுகள் இருந்தும் மக்கள் வந்தார்கள். இந்துக் குருக்களும் வந்தார்கள்.

அவர் கேட்ட கணக்கு இன்று எங்கே நிற்கிறது? காணாமல் போனோர் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியது. 2018இல் அலுவலகம் வேலை தொடங்கியது. காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் வீதியோரத்தில் உட்கார்ந்த தாய்மார்கள் அந்த அலுவலகத்தை நம்பவில்லை. அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். ஒவ்வொரு தாயும் இறக்கும்போது ஒரு சாட்சி போகிறது: என்ன சட்டை போட்டிருந்தான், எந்தப் பல் விழுந்திருந்தது, எந்தக் கால் சின்ன வயதில் முறிந்து பொருந்தியது என்று தெரிந்த ஒரே ஆள் போகிறார். எலும்பைக் கண்டெடுத்தாலும் பெயரை யார் சொல்வது?

யூதர்களிடமிருந்து இதில் நாம் படிக்க வேண்டியது உண்டு. ஜெருசலேமில் உள்ள யாத் வஷேம் நினைவகம் ஹிட்லர் ஆட்சியில் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்களை 1950களிலிருந்தேத் தாள் தாளாகச் சேர்த்துவருகிறது. உறவினர், அயலவர், பள்ளித் தோழர் யார் வேண்டுமானாலும் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாம். அறுபது இலட்சத்தில் 48 இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்களை இந்தப் படிவங்களிலிருந்தும் பழைய ஆவணங்களிலிருந்தும் மீட்டிருக்கிறார்கள். எந்த அரசாங்கமும் அந்தப் பட்டியலை முழுதாகத் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. ஊர் ஊராக ரபிமாரும் ஆசிரியர்களும் பாட்டிமாரும் உட்கார்ந்து எழுதினார்கள்.

நாமும் எழுதலாம். கூட்ட ஏற்பாட்டாளர்களிடம் ஏற்கெனவே பேசியிருக்கிறேன். இன்று மாலை இந்த மண்டபத்தின் பின்புறம் ஒரு மேசையில் இரண்டு கொப்பிகள் இருக்கும், ஒன்று சிங்களத்தில், ஒன்று தமிழில். 1987 முதல் 1990 வரை இந்தப் பக்கத்திலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களும், மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய் 2009க்குப் பிறகு தகவல் இல்லாமல் போனவர்களும் இரண்டு கொப்பிகளிலும் வருவார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இல்லாவிட்டாலும், அயல் வீட்டில் இருந்தவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். முழுப்பெயர், தந்தை பெயர், பிறந்த ஆண்டு, கடைசியாகக் கண்ட இடமும் திகதியும், கண்டவர் யார், உடலில் அடையாளம் ஏதாவது. எழுதத் தெரியாதவர்களுக்கு உதவ ஆசிரியர்கள் நால்வர் இருப்பார்கள். நிரம்பிய கொப்பியின் ஒரு பிரதி பன்சலையிலும், ஒரு பிரதி கோயிலிலும், ஒரு பிரதி பங்குத்தந்தையிடமும் இருக்கட்டும். ஓரிடத்தில் தொலைந்தாலும் மற்ற இரண்டும் இருக்கும். தாமதிக்க வேண்டாம்; இங்கே வந்திருக்கும் அம்மாமார்களில் சிலர் எண்பதைக் கடந்துவிட்டார்கள். முதலில் அவர்களைப் போக விடுங்கள்.